நூத்துல அரைப் பங்கு

மதுபானம்னு போடாதீங்க சார்! அழிங்க அதை. முதல்ல அந்த வார்த்தையை அழிங்க. நான் விக்கிறது இஞ்சித்தண்ணி. இஞ்சி, சக்கரை, எலுமிச்சம்பழம், தண்ணி, நாலே நாலு சாமான். ஸ்கூலுக்கு எதிர்ல அஞ்சு வருஷமா கடை வெச்சு பாட்டில்ல போட்டு வித்துக்கிட்டிருக்கேன். டீச்சருங்க குடிக்கறாங்க, பஸ் டிரைவருங்க குடிக்கறாங்க, ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தவங்க கூட ஆள் அனுப்பி வாங்கிக் குடிக்கறாங்க. அதைப் போயி மதுபானமாம்! ... என்னது, அழிக்க முடியாதா? வெள்ளை மை தீந்து போச்சா? நல்லா இருக்கு நீங்க தொழில் பண்ற லட்சணம். சரி, குறுக்கால ஒரு கோடு போட்டு விடுங்க... என்ன, கோடு போட்ட இடத்துல நான் கையெழுத்துப் போடணுமா? மனு குடுக்கறவங்க கையெழுத்து இல்லாத திருத்தம் செல்லாதா? குடுங்க பேனாவை. போட்டுத் தொலைக்கறேன்.

சீக்கிரம் டைப் அடிங்க சார். ஒரு மணிக்கு அந்தக் கலால் ஆபீஸ் ஜன்னலை மூடிடுவாங்களாம். பதினஞ்சு நாளுக்குள்ள மேல்முறையீடுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு, இன்னிக்குத்தான் பதினஞ்சாவது நாள். ஏன் கடைசி நாள்ல வந்தேன்னு கேக்கறீங்களா? ... கேக்கலயா? சரி. யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, அதான் என் கஷ்டமே.

ஐயய்யோ, இது என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? 'வெயில் மிகக் கடுமையாக உள்ளது எனவும்'... வெயில் தாங்கலன்னு நான் சும்மா வாய்ல சொன்னேன், அதையும் டைப் அடிச்சுட்டீங்களா? காதுல விழுந்ததெல்லாம் விரல் வழியா வந்துடுமா உங்களுக்கு? ஒண்ணு பண்ணுவோம். நான் 'எழுதுங்க'ன்னா எழுதுங்க. 'விடுங்க'ன்னா விடுங்க. புரியுதா? தலையைத் தூக்கிப் பாத்து ஒரு 'ம்' கூடச் சொல்ல மாட்டீங்களா... வேண்டாம் வேண்டாம், நீங்க தலையைத் தூக்க வேண்டாம். குனிஞ்சபடியே இருங்க. அதுதான் நல்லது, வேலை ஓடும்.

எழுதுங்க. 'இந்த நோட்டீஸ் அநியாயம்.' சொல்றேன், கேளுங்க. ஒண்ணரை மாசத்துக்கு முன்னாடி கலால் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கடைக்கு வந்தாரு. வெள்ளைச் சட்டை, கையில தோல் பை. நான் தண்ணி குடிக்க வந்திருக்காருன்னு நெனச்சு, ஐஸ் போட்டு, எலுமிச்சம்பழம் ஒரு துண்டு நறுக்கி வெச்சுக் குடுத்தேன். குடிச்சாரு. நல்லாருக்குன்னாரு. இன்னொண்ணு கேட்டாரு. அதையும் குடிச்சாரு. குடிச்சு முடிச்சு வாயைத் துடைச்சுக்கிட்டுத்தான் அடையாள அட்டையைக் காட்டினாரு. இது என்ன சார் நியாயம்? முதல்லயே காட்டியிருந்தா அந்த எலுமிச்சம்பழமாவது மிச்சம்.

அப்புறம் பாடம் நடத்தினாரு பாருங்க! சட்டம் என்ன சொல்லுதாம்? நூத்துல அரைப் பங்குக்குக் கீழ போதைச் சத்து இருந்தா அது வெறும் பானமாம். அரையைத் தொட்டுட்டா மதுபானமாம். அரையிலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஒண்ணாம் வகுப்பு. ரெண்டுலேர்ந்து எட்டு வரைக்கும் ரெண்டாம் வகுப்பு. எட்டுக்கு மேல மூணாம் வகுப்பு. ஒண்ணாம் வகுப்புல மாட்டினா முதல் தடவை எச்சரிக்கை மட்டும், முப்பது நாள்ல சரி பண்ணிக்கலாம். ரெண்டாம் வகுப்புன்னா லைசென்ஸ் வேணும். அந்த லைசென்ஸ், ஸ்கூல்லேர்ந்து நூறு அடிக்குள்ள இருக்கற கடைக்குக் கிடையவே கிடையாதாம். எனக்கும் ஸ்கூல் கேட்டுக்கும் நடுவுல ஒரு ரோடு, ஒரு தபால் பெட்டி. அவ்வளவுதான். அதாவது என்னன்னா, ரெண்டாம் வகுப்புன்னு முடிவாச்சுன்னா என் கடைக்குப் பூட்டு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரேயடியா. எங்க வீட்டுக்காரருக்கு முதுகு போயி மூணு வருஷமாச்சு, எங்க வீட்டுல இருக்கற ஒரே வரும்படி அந்த நாலு அடிக் கடைதான் சார்.

நான் விடல. கேட்டேன். வாழைப்பழம் கனிஞ்சு கறுத்துப் போனா அதுல கூட அது இருக்காமே? பக்கத்துல பேக்கரிக்காரர் மாவைப் பொங்க வைக்கறாரே, அதுல இல்லையா? எங்க மாமியார் குடிக்கற இருமல் மருந்துல எவ்வளவு இருக்கு, அதைப் போயிப் பிடிங்களேன்! அவரு சிரிச்சுக்கிட்டே, 'அம்மா, அது மருந்து, இது பானம், பானத்துக்குத்தான் அரை'ன்னாரு. நாக்குக்குத் தெரியாத அரை, வயித்துக்குத் தெரியாத அரை, காயிதத்துக்கு மட்டும் எப்படித் தெரியுதாம்?

மூணு பாட்டில் எடுத்தாரு. வாயில அரக்கு உருக்கி ஊத்தி, முத்திரை குத்தி, ஒண்ணு சோதனைக் கூடத்துக்கு, ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு என் கையில. ரிப்போர்ட்டுல சந்தேகம் இருந்தா என் கையில இருக்கற பாட்டிலை மறுசோதனைக்கு அனுப்பலாமாம். அது வரைக்கும் குளிர்ச்சியான இடத்துல வெச்சுக்கணும்னு ஒரு காயிதத்துல எழுதி என் கையெழுத்தும் வாங்கிக்கிட்டாரு. ரிப்போர்ட்டு வந்துச்சு. எவ்வளவுங்கறீங்க? பூஜ்யம் புள்ளி ஆறு! அரைக்கு மேல ஒரு நூல் சார். ஒரே ஒரு நூல்! கொஞ்சம் ஐஸ் கூடப் போட்டிருந்தா அரைக்குக் கீழ இறங்கியிருக்கும்.

இதை எழுதாதீங்க, விடுங்க. சும்மா உங்களுக்குச் சொல்றேன். எங்க மாமியார் பதினோரு வருஷமா என்னை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. நான் வெச்ச தண்ணியில கூடக் குத்தம் கண்டுபிடிப்பாங்க. போன வருஷத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு டம்ளர் இஞ்சித்தண்ணி குடுக்க ஆரம்பிச்சேன், வாயுவுக்கு நல்லதாச்சேன்னு. ஒரே மாசம். 'கண்ணு'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க! கண்ணு! அஞ்சரை மணிக்கெல்லாம் பக்கத்துல உக்கார வெச்சு, என் தலையைக் கோதிக்கிட்டு, 'நீ இந்த வீட்டுக்கு வந்தது எங்க அதிர்ஷ்டம்'பாங்க. என் பொறுமைக்குக் கிடைச்ச பலன்னு நான் பாட்டுக்கு நெனச்சுக்கிட்டிருக்கேன். இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போன மறுநாள் டம்ளரை நிறுத்தினேன். கண்ணும் நின்னு போச்சு. இப்ப பழையபடி, 'ஏய், இங்க வா'தான்.

மது ஒழிப்புச் சங்கம் இருக்கே, அவங்க ஆண்டு விழாவுக்கு நாலு பெட்டி என்கிட்டதான் வாங்கிட்டுப் போனாங்க. 'இதுவல்லவோ சுத்தமான பானம்'னு மைக்குல வேற சொன்னாங்க. செயலாளர் ரெண்டரை மணி நேரம் பேசினாராம். நடுவுல தேம்பித் தேம்பி அழுதாராம். கடைசியில பொருளாளரைக் கட்டிப் பிடிச்சவர் விடவே இல்லையாம், நாலு பேரு சேந்து பிரிச்சாங்களாம். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு உணர்ச்சிகரமான கூட்டம் நடந்ததே இல்லன்னு எனக்குப் பாராட்டுக் கடிதாசு குடுத்தாங்க. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில மாட்டி வெச்சிருந்தேன். இதை எழுதுங்க. ஒரு சங்கமே என் தண்ணியைப் பாராட்டியிருக்குன்னு... இல்ல, இல்ல, விடுங்க. வேண்டாம். அது எனக்கு எதிராத் திரும்பினாலும் திரும்பும்.

எங்க விட்டேன்? ஆங், பூஜ்யம் புள்ளி ஆறு. அதோட விட்டிருக்கலாம். எல்லாரும் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் படுத்தபடியே சொன்னாரு, 'எச்சரிக்கைதானே, வாங்கிட்டு வா, சக்கரையைக் குறைச்சுக்கலாம்'னு. என் நாத்தனார் சொன்னாங்க. அந்த இன்ஸ்பெக்டரே சொன்னாரு, 'முப்பது நாள் இருக்கும்மா, சக்கரையைப் பாட்டில்ல போட்டு மூடி வெக்காதீங்க, விக்கறப்ப கலந்து குடுங்க, சரியாயிடும்'னு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அஞ்சு வருஷமா தண்ணி வித்தவளை ஒரு நூல் மதுபானக்காரி ஆக்கிடுமா? மறுசோதனை கேட்டேன். எழுதிக் குடுத்தேன். என் பாட்டிலை நானே கொண்டு போயி நீட்டினேன்.

ரெண்டு புள்ளி மூணு சார்.

அதே தண்ணி! ஒரே நாள்ல, ஒரே பானையிலேர்ந்து பிடிச்ச தண்ணி! முதல் பாட்டில்ல புள்ளி ஆறு, ரெண்டாவது பாட்டில்ல ரெண்டு புள்ளி மூணா? ஒண்ணாம் வகுப்புல இருந்தவளை ரெண்டாம் வகுப்புக்குப் பாஸ் போட்டு அனுப்பிட்டாங்க. உடனே நோட்டீஸ், கடைக்குக் குறுக்கால டேப்பு. எழுதுங்க. 'மேற்படி பாட்டிலை நான் மிகவும் குளிர்ச்சியான இடத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். சோதனைக் கூடத்தில்தான் ஏதோ தவறு நடந்திருக்கிறது.' அதை அழுத்தி எழுதுங்க.

அப்புறம் சாட்சி. சாட்சி பேரு போட இடம் விடுங்க. அதே தொழில் பண்றவங்க, சோதனையில தேறினவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாத்தான் மனுவை வாங்குவாங்களாமே. அதோ, ஸ்டாம்ப் வாங்கற வரிசையில நீலக் குடையோட நிக்கறாங்க பாருங்க, அவங்கதான் சாட்சி. என் நாத்தனார், எங்க வீட்டுக்காரரோட அக்கா. அண்ணின்னுதான் கூப்பிடுவேன். தெருவோட அந்தக் கோடியில அவங்களும் இஞ்சித்தண்ணிக் கடைதான் வெச்சிருக்காங்க. எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக் குடுத்ததே அவங்கதான். அன்னிக்கு அவங்க கடையிலயும் பாட்டில் எடுத்தாங்க. எவ்வளவு தெரியுமா? பூஜ்யம் புள்ளி ஒண்ணு. இருக்கா இல்லையான்னே தெரியல. ஊரெல்லாம், 'அந்தக் கோடிக் கடைத் தண்ணியைக் குடிச்சா காது கிர்ருங்குது, தலை சூடாவுது, அதுல என்னவோ இருக்கு'ன்னு பேசிக்கிட்டாங்களே, என்ன இருந்துச்சுங்கறீங்க? மிளகு! வெறும் மிளகு சார்! தட்டிப் போட்டிருக்காங்க.

அண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். என் கடைக்கு டேப்பு ஒட்டின அன்னிக்கே ஓடி வந்தாங்க. அவங்க கடையில பாதிப் பலகையைக் காலி பண்ணி, 'நீ பன்னு வை, பிஸ்கட் வை, கேஸ் முடியற வரைக்கும் இங்க வித்துக்கோ'ன்னாங்க. சாயங்காலம் வந்து அவங்க அம்மாவைச் சமாதானப்படுத்தறாங்க, எனக்குப் பதிலா திட்டு வாங்கறாங்க. இன்னிக்குக் கடையைச் சாத்திட்டு வெயில்ல வந்து நிக்கறாங்க. இங்க ஆறு பேரு மிஷின் வெச்சிருக்கீங்க இல்லையா, நான் அந்தக் கடைசி ஆளுகிட்டதான் போறதா இருந்தேன். அண்ணிதான் கையைப் பிடிச்சு உங்ககிட்ட இழுத்துட்டு வந்தாங்க, 'இவரு கையால மனு அடிச்சா மேல போகும்னு எல்லாரும் சொல்றாங்க'ன்னு. நான் என்ன சொல்ல முடியும்? வந்து உக்காந்துட்டேன்.

இப்ப கடைசியா ஒண்ணு இருக்கு. இது அண்ணி சொல்லி விட்டது, கட்டாயம் எழுதணும்னு. இன்ஸ்பெக்டர் தானா வரலையாம். யாரோ மொட்டை மனு போட்டிருக்காங்களாம், பேரு இல்லாம, கையெழுத்து இல்லாம. அதைக் கேட்டதுலேர்ந்து அண்ணிக்கு முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது. 'உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினவங்க கையை ஒடிக்காம விட மாட்டேன்'னு தினம் சொல்றாங்க. நானும், 'ஆமா அண்ணி, ஒடிக்கணும்'னு கூடவே சொல்லிக்கிட்டிருக்கேன். அதனால எழுதுங்க. 'பொறாமையினால் மொட்டை மனு போட்ட அந்தப் பாவியைக் கண்டுபிடித்து, தக்க தண்டனை...'

என்ன சார், நிறுத்திட்டீங்க?

ரிப்பன் சிக்கிக்கிச்சா? ... இல்லையா? ஏன் அப்படிப் பாக்கறீங்க? இவ்வளவு நேரம் குனிஞ்சுக்கிட்டே இருந்தீங்க, இப்ப எதுக்கு நிமிந்து என் மூஞ்சியைப் பாக்கறீங்க? கண்ணாடியை வேற துடைக்கறீங்க... போடாதீங்க சார், கண்ணாடியைப் போடாதீங்க...

சரி. போட்டுட்டீங்க. ஞாபகம் வந்துடுச்சா?

மெதுவா! மெதுவாப் பேசுங்க... பேசலதான், ஆனா கண்ணு பேசுதே! அண்ணி திரும்பிப் பாக்கறாங்க. நிறுத்தாதீங்க சார், மிஷின் சத்தம் நின்னா அவங்களுக்குச் சந்தேகம் வரும். அடிங்க, டைப் அடிச்சுக்கிட்டே இருங்க, எதையாவது அடிங்க. ஆங்... அப்படித்தான். அப்படியே சத்தம் வந்துக்கிட்டே இருக்கட்டும்.

ஆமா. நான்தான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி முக்காடு போட்டுக்கிட்டு வந்து, இதே ஸ்டூல்ல உக்காந்து, மொட்டை மனு அடிக்கச் சொன்னது நான்தான். போதுமா? என்ன பண்ணச் சொல்றீங்க? வயித்தெரிச்சல் சார். அண்ணி தண்ணியைக் குடிச்சுப் பாத்திருக்கீங்களா? பாத்திரம் கழுவின தண்ணி! கலரும் அதேதான், மணமும் அதேதான். ஆனா ஜனம் என் கடையைத் தாண்டிப் போயி அங்க மொய்க்குது. என்கிட்ட அஞ்சு வருஷமாக் குடிச்ச பஸ் டிரைவர், என் கண்ணு முன்னாடியே தெருவோட அந்தக் கோடிக்கு நடந்து போறாரு. கேட்டா, 'அவங்க தண்ணியில ஒரு கிர்ரு இருக்குங்க'ங்கறாரு. எனக்கு அப்பவே தோணிடுச்சு, இதுல போதை இருக்கு, அண்ணி எதையோ கலக்கறாங்கன்னு. ஒரு தடவை ஆபீசர் வந்து மிரட்டிட்டுப் போனா சரியாப் போயிடும்னுதான் நெனச்சேன். அவங்க கடையை மூடணும்னு நெனக்கல சார். சத்தியமா நெனக்கல. கிர்ரை மட்டும் எடுத்துட்டாப் போதும்னு நெனச்சேன்.

ஆனா பாதிப் பழி உங்க மேலதான்! நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? 'கோடியில இருக்கற கடையைச் சோதனை பண்ணுங்க'ன்னேன். ஒரு கடை. ஒரே ஒரு கடை. நீங்க என்ன அடிச்சீங்க? 'இத்தெருவில் உள்ள அனைத்து இஞ்சிப் பானக் கடைகளையும்'! அப்படிப் போட்டாத்தான் சொந்தப் பகை மாதிரித் தெரியாது, கௌரவமா இருக்கும்னு வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை பேசினீங்க, அதுவும் என் குடியைக் கெடுக்க! இந்தத் தெருவுல இருக்கறதே ரெண்டு கடை சார். அனைத்துன்னா யாரு? அனைத்துன்னா நான்தானே?

அந்தப் பாட்டில் கதையும் அப்படித்தான். குளிர்ச்சியான இடத்துல வெச்சேன்னு எழுதச் சொன்னேன் இல்லையா... ஃப்ரிட்ஜ்லதான் வெச்சேன். அதாவது, ஃப்ரிட்ஜ் மேல. உள்ள இடமே இல்ல, மாமியாரோட மருந்தும் தைலமும் ரெண்டு தட்டை அடைச்சுக்கிட்டிருக்கு. ஃப்ரிட்ஜ் மேல வெச்சா அதுவும் ஃப்ரிட்ஜ்தானேன்னு வெச்சுட்டேன். பின்னாடி மோட்டார்லேர்ந்து சூடு மேல வரும்னு எனக்கென்ன தெரியும்? முப்பத்திரண்டு நாள்! சக்கரை உள்ள இருக்கு, சூடு வெளியில இருக்கு, அது பாட்டுக்குப் பொங்கிப் பொங்கி... நான் தினம் அந்தப் பாட்டிலைத் துணியால துடைச்சு வேற வெச்சேன். புள்ளி ஆறு இருந்ததை நானே அடைகாத்து ரெண்டு புள்ளி மூணு ஆக்கியிருக்கேன் சார். இதை வெளியில சொன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? இஞ்சித்தண்ணி விக்கறவளுக்கு இது கூடத் தெரியாதான்னு கேக்க மாட்டாங்களா?

அதனாலதான் சொல்றேன். அந்தப் பாவியைக் கண்டுபிடிக்கணும்னு ஒரு வரி இருக்கட்டும், ஆனா யாரும் கண்டுபிடிக்காத மாதிரி எழுதுங்க. உங்களுக்கா தெரியாது? அண்ணி மனசு நோகாம இருந்தாப் போதும் எனக்கு. பாதிக் கடையைக் குடுத்தவங்க சார் அவங்க. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. 'யாரு அந்தப் பாவி, யாரு அந்தப் பாவி'ன்னு என் பக்கத்துலயே உக்காந்து கேக்கறாங்களே, அப்ப நான் குனிஞ்சுக்கிட்டு பிஸ்கட் பாக்கெட்டை எண்ண ஆரம்பிச்சுடறேன்...

ஐயோ, வந்துட்டாங்க. போதும் சார், நிறுத்துங்க. வாங்க அண்ணி! ஸ்டாம்ப் கிடைச்சுதா? வரிசை பெருசா இருந்துச்சே... என்ன, பத்து நிமிஷந்தான் இருக்கா? ஜன்னலைப் பாதி இறக்கிட்டாங்களா? முடிஞ்சுது அண்ணி, எல்லாம் முடிஞ்சுது. நான் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வரேன், நீங்க போயி வரிசையில இடம் பிடிங்க... வேண்டாம் அண்ணி, நீங்க எதுக்குப் படிக்கணும்? சட்ட வாசகம், தலைவலி வரும்... அண்ணி, அதை உருவாதீங்க, கார்பன் நகந்துடும்...

சார். என்ன சார் இது. ஒரு பக்கந்தானே சொன்னேன், இது மூணு பக்கம் இருக்கு? எதையாவது அடிங்கன்னா... எதையாவதுன்னா எதையாவதா? ஒரு வரி வாய்ப்பாடு அடிச்சிருக்கக் கூடாதா, உங்க வீட்டு மளிகைச் சாமான் பேரெல்லாம் அடிச்சிருக்கக் கூடாதா? 'மேற்படி மொட்டை மனுவை மனுதாரராகிய நானே வயிற்றெரிச்சலின் காரணமாக அனுப்பினேன் எனவும்'... ஐயோ! 'மேற்படி பாட்டிலை ஃப்ரிட்ஜின் உள்ளே வைக்காமல் ஃப்ரிட்ஜின் மேலே முப்பத்திரண்டு நாட்கள் வைத்து அடைகாத்தேன் எனவும்'... 'மாமியார் என்னைக் கண்ணு என அழைத்து வந்தார் எனவும்'... அது விடுங்கன்னு சொன்னதாச்சே! எல்லாத்தையும் போட்டுட்டு, 'அனைத்துக் கடை' விஷயத்தை மட்டும் காணோமே! உங்க பங்கு ஒரு எழுத்து கூட இல்லையே! சாமர்த்தியக்காரர் சார் நீங்க.

அண்ணி. குடையை அப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க அண்ணி. திட்டுங்க. வேணும்னா கையை ஒடிங்க, இந்தாங்க, ரெண்டு கையும் இருக்கு. பொறாமைதான் அண்ணி. நீங்க கத்துக் குடுத்த தொழில்ல நீங்களே என்னைவிட நல்லா விக்கறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. தப்புதான். தெரிஞ்சு பண்ணின தப்புதான். வேற பேப்பர்ல புதுசா அடிக்கச் சொல்றேன்... நேரம் இல்லயா? ஆமா, நேரம் இல்ல. அப்ப விட்டுடலாம். கடை போனாப் போகட்டும். இதை எப்படி அண்ணி குடுக்கறது?

என்ன காட்டறீங்க? விரலை அங்க ஏன் வெக்கறீங்க? ஃப்ரிட்ஜ் வரியா? ... ஆமா, மேலதான். மோட்டார் பக்கந்தான். ... என்னது? சூட்டுல வெச்ச பாட்டில்னு நானே ஒத்துக்கிட்டா அந்த ரெண்டாவது ரிப்போர்ட்டுக்கு மதிப்பு இல்லாமப் போயிடுமா? பழைய புள்ளி ஆறுதான் நிக்குமா? அப்ப ஒண்ணாம் வகுப்பு... எச்சரிக்கை... முப்பது நாள்... அண்ணி! அப்ப இதையேவா குடுக்கச் சொல்றீங்க? இப்படியேவா? அந்த மொட்டை மனு வரியோடயா? ஆபீசர் படிப்பாரே, கிளார்க்கு படிப்பாரே, ஆபீசே படிக்குமே! ... படிக்கட்டுங்கறீங்களா? அதான் எனக்குத் தண்டனையா? ... சரி. சரி அண்ணி. நீங்க சொன்னாச் சரி.

பேனா எதுக்கு? சாட்சிக் கையெழுத்தா? போடறீங்களா, நிஜமாவே போடறீங்களா? உங்களை மாதிரி... ஏன், அங்க இல்லையே சாட்சிக்கு இடம், அது கீழ இருக்கு. ரெண்டாம் பக்கத்துல என்ன தேடறீங்க? ... அந்த வரியா. அது வந்து... அது ஏதோ வாய் தவறி... மொட்டை மனுவைத் தாண்டிட்டீங்க, வயித்தெரிச்சலைத் தாண்டிட்டீங்க, பாத்திரம் கழுவின தண்ணியில வந்து நின்னுட்டீங்களே! கோடு போடுங்க, தாராளமாப் போடுங்க. அம்மாடி, இப்படி அழுத்தினா மூணு காப்பியும் கிழிஞ்சுடும் அண்ணி! ... மேல என்ன எழுதறீங்க? 'மேற்படி நாத்தனாரின் பானம்... மிளகு சேர்ந்தது எனவும்... என்னுடையதைவிட... மிகவும் சுவையானது எனவும்'...

அண்ணி!

... என்ன சார் நீங்க, இத்தனை நேரம் ஊமையா இருந்துட்டு இப்ப விரலை நீட்டறீங்க? திருத்தம் பண்ணின இடத்துல மனுதாரர் கையெழுத்துப் போடணுமா? போடாட்டி செல்லாதா? அண்ணி, பாக்கறீங்களே, சிரிக்கறீங்களா? சிரிப்பை அடக்கறீங்க, எனக்குத் தெரியுது...

குடுங்க பேனாவை.